ஃபார்மட் அடித்தும் திரும்பி வந்த ஆட்வேர்: வீட்டுக் கணினியை நீங்களே சுத்தம் செய்யும் வழி

தில்லி மயூர் விஹாரில் இருக்கும் என் மாமனாருக்குப் பழைய கட்டுரை ஒன்று மெயிலில் வந்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைல். அதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு மென்பொருள் தேடினார். தேடலில் மேலே வந்த முதல் இணைப்பைத் தட்டினார், பச்சையாக மின்னிய ‘டவுன்லோடு’ பட்டனை அழுத்தினார். அந்தப் பட்டனே ஒரு விளம்பரம். எழுத்துரு மாற்றி வரவில்லை. வேறு மூன்று புரோகிராம்கள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டன. ஆட்வேர், அதாவது கேட்காமலே விளம்பரம் காட்டும் மென்பொருள்கள். இரண்டாம் நாள் போன் வந்தது. “மாப்பிள்ளை, மூலையில ஒரு பெட்டி வந்து வந்து போகுது. அஞ்சு வைரஸ் இருக்குங்குது, அடுத்த நிமிஷம் ரம்மி ஆடக் கூப்பிடுது.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பிங்க் லைனில் லாஜ்பத் நகர் போய், வயலட் லைன் மாறி, கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸில் இறங்கினேன். கடைப் பையன் திரையைப் பத்து விநாடி பார்த்தான். “ஃபார்மட் மார்னா படேகா, பையா.” அதாவது, டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டுமாம். 800 ரூபாய், மூன்று மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் மாமா தன் கூகுள் கணக்கில் நுழைந்தார். மறுநாள் காலை மூலைப் பெட்டி போயிருந்தது. ஆனால் தேடல் பக்கம் வேறு ஏதோவாக மாறியிருந்தது, எதைத் தட்டினாலும் பக்கத்திலேயே ஒரு ரம்மி பக்கமும் திறந்தது. இன்னொரு கடை, இன்னொரு ஃபார்மட். அதுவும் இரண்டு நாள்தான் தாங்கியது. போதாக்குறைக்கு, அந்தக் கடை போட்டுக்கொடுத்த விண்டோஸ் திருட்டு விண்டோஸ்.

மூன்றாவது முறை நானே உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் போயின. செலவு ஒரு பென் டிரைவ், 450 ரூபாய். அதற்குப் பிறகு எங்கள் அடுக்ககத்தில் இன்னும் மூன்று வீடுகளில் இதே வேலையைச் செய்து கொடுத்தேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட ஃபார்மட் தேவைப்படவில்லை.

இந்தச் சனியன்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. புரோகிராமாக ஒரு துண்டு, பிரவுசரில் ஒரு துண்டு, குறித்த நேரத்தில் தானே ஓடும் பணியாக ஒரு துண்டு. ஒன்றை வெட்டினால் மற்றது அதைத் திரும்ப நட்டுவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். இது விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு. மெனுப் பெயர்களை ஆங்கில ஒலிப்பிலேயே தந்திருக்கிறேன். திரையில் அப்படித்தான் இருக்கும்.

1. நெட்டை நிறுத்துங்கள், அந்தக் கணினியில் வங்கியைத் திறக்காதீர்கள்

வைஃபையை அணையுங்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்கிற காரியம், அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை மாற்றுவது. உள்ளே இருப்பது நீங்கள் தட்டுகிற எழுத்துகளைப் பதிவு செய்யும் உளவு மென்பொருள் என்றால், புதிய பாஸ்வேர்டையும் அதன் கையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். அந்த வேலை 9-ஆம் படியில் வருகிறது. பொறுக்க முடியாவிட்டால் போனிலிருந்து மாற்றுங்கள்.

எச்சரிக்கைப் பெட்டியில் ஒரு போன் நம்பர் இருந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு சைரன் அடித்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிரவுசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

ஏற்கெனவே அந்த நம்பரில் பேசி, அவர்கள் சொன்ன செயலியைப் போட்டுத் திரையை அவர்கள் கையில் கொடுத்திருந்தாலோ, பணம் போயிருந்தாலோ, கணினியைச் சுத்தம் செய்வது அப்புறம். முதலில் வங்கிக்குச் சொல்லி கணக்கையும் கார்டையும் முடக்குங்கள். உடனே 1930-க்கு (சைபர் மோசடிக்கான அரசு உதவி எண்) அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். கையில் இருக்க வேண்டியவை: பரிவர்த்தனை எண், நேரம், தொகை, வங்கிக் குறுஞ்செய்தி, அவர்கள் பேசிய நம்பர், திரையின் போட்டோ. வங்கிக்குச் சொன்ன நேரத்தைக் குறித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எனவே மணி பார்க்காமல் அழையுங்கள்.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சுத்தமான இன்னொரு கருவி வேண்டும். பெரும்பாலான வேலைக்குப் போனே போதும். விண்டோஸைப் புதிதாகப் போட நேர்ந்தால் மட்டும் இன்னொரு கணினியும், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவும் தேவை. பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) சாவியை மறந்துவிடாதீர்கள். நான் இதில்தான் ஒன்றரை மணி நேரம் முழித்தேன். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், நமக்கே தெரியாது. சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் முறை) போகும்போது திடீரென்று ஒரு நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் அந்த லேப்டாப்பின் ரெகவரி கீயை இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். மாமாவின் கணக்கு அவர் வேலையில் இருந்த காலத்து மெயிலில் இருந்தது. அதன் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கப் பழைய டைரிகளைக் குடைய வேண்டியதாகிவிட்டது.

லேப்டாப் வாங்கிய பில்லையும் தேடி எடுங்கள். அதில் விண்டோஸ் ஹோமா புரோவா என்று போட்டிருக்கும். 8-ஆம் படியில் அது உதவும்.

பிறகு பேக்கப். பென்ஷன் ஆணை, படிவம் 16, பேத்தியின் போட்டோக்கள் என்று வேண்டிய கோப்புகளை மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். எக்ஸி கோப்புகளையும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் இன்ஸ்டாலர்களையும், ஜிப் கோப்புகளையும் எடுக்காதீர்கள். வியாதியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவது அதுதான். பிரவுசர் புக்மார்க்குகளைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: பழைய எழுத்துருக் கோப்புகளையும் எடுத்து வையுங்கள். முதல் ஃபார்மட்டில் மாமாவின் பாமினி போய்விட்டது. அவருடைய பதினைந்து வருடத்துக் கட்டுரைகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது.

நேரக் கணக்கு: 3 முதல் 5 வரை ஒரு மணி நேரம். 6-ஆம் படியில் உங்களுக்கு வேலை குறைவு, காத்திருப்புதான் அதிகம். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இரவு ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். 7-க்கு ஒரு மணி நேரம்.

3. முதலில் நோட்டிஃபிகேஷனைப் பாருங்கள்

வலது கீழ் மூலையில் வரும் வைரஸ் எச்சரிக்கை பல சமயம் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், நாமும் அழுத்தியிருப்போம். அன்று முதல் அந்தத் தளத்துக்கு நம் திரையில் பெட்டி போடும் உரிமை வந்துவிடுகிறது. அடுக்ககத்து மூன்று வீடுகளில் ஒரு வீட்டின் பிரச்சினை முழுவதும் இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தட்டினாலே வந்துவிடும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் ‘பிளாக்’ செய்யுங்கள். ரிமூவ் கொடுத்தால் அடுத்த முறை மறுபடி கேட்கும். மேலேயே, எந்தத் தளமும் கேட்கக் கூடாது என்று வைத்துவிடலாம். மெயிலையும் காலண்டரையும் தவிர நோட்டிஃபிகேஷன் தேவைப்படுகிற தளம் ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

கணினியில் எத்தனை பிரவுசர் இருக்கிறதோ அத்தனையிலும் பாருங்கள்.

4. புரோகிராம் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள்

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் (விண்டோஸ் 10-இல் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்). வரிசையை இன்ஸ்டால் தேதிப்படி மாற்றுங்கள். தொந்தரவு எந்த நாளில் தொடங்கியது என்று வீட்டில் விசாரித்துக்கொண்டு, அந்த நாளில் வந்தவை எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’, ‘பிசி கிளீனர்’, ‘பிடிஎஃப் கன்வெர்ட்டர்’, ‘கூப்பன்’ என்று உபகாரி வேஷத்தில்தான் இருக்கும்.

அன்இன்ஸ்டால் செய்யும்போதும் பொறி உண்டு. ‘எங்களை விட்டுப் போகிறீர்களா?’ என்று ஒரு பெட்டி வரும். பெரிய வண்ணப் பட்டன் ‘வைத்துக்கொள்’. நீக்குவதற்கான பட்டன் கீழே சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். சில நேரம் நீக்கும்போதே இன்னொன்றைப் போட அனுமதி கேட்கும். ஒவ்வொரு பெட்டியையும் முழுக்கப் படித்து அழுத்துங்கள். ஏதாவது நீங்காமல் அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள், 7-ஆம் படியில் சேஃப் மோடில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடியோ, கிராஃபிக்ஸ், லேப்டாப் நிறுவனத்தின் பெயருள்ள டிரைவர்கள் இவற்றில் கை வைக்க வேண்டாம்.

5. பிரவுசர்: திரும்பி வருகிற கதவு இதுதான்

எக்ஸ்டென்ஷன்ஸ் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு புரோகிராம்கள்) பக்கத்தைத் திறந்து, யார் போட்டது என்று சொல்ல முடியாத எல்லாவற்றையும் நீக்குங்கள். மாமாவின் கணினியில் இருந்தது ‘தேடலை வேகமாக்கும்’ என்று சொல்லிக்கொண்ட ஒன்று. இரண்டு ஃபார்மட்டிலும் பிழைத்து வந்தது அதுதான். எப்படி? குரோமில் சின்க் (எல்லாக் கணினியிலும் ஒரே அமைப்பை வைக்கும் வசதி) போட்டிருந்தால் எக்ஸ்டென்ஷன் பட்டியல் கூகுள் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க்கை எத்தனை முறை துடைத்தாலும், கணக்கில் நுழைந்த அடுத்த நிமிடம் பழைய எக்ஸ்டென்ஷன்களைக் குரோம் விசுவாசமாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். இரண்டு கடைக்காரர்களும் இதைச் சொல்லவில்லை. தெரியாமலா, அல்லது நான் மூன்றாவது முறையும் வரட்டும் என்றா, தெரியவில்லை.

அதனால் சின்க் செட்டிங்கில், எவற்றைச் சின்க் செய்வது என்பதை நாமே தேரும் இடத்துக்குப் போய் எக்ஸ்டென்ஷன்ஸ், ஆப்ஸ், செட்டிங்ஸ் மூன்றையும் அணைத்துவிடுங்கள். புக்மார்க் மட்டும் இருந்தால் போதும். அதே கணக்கை வேறு கணினியிலும் பயன்படுத்துகிறீர்களா? அங்கேயும் போய்ப் பாருங்கள். மாமாவின் கணக்கு என் மனைவியின் லேப்டாப்பிலும் இருந்தது. அங்கே அந்த எக்ஸ்டென்ஷன் சத்தமில்லாமல் குடியிருந்தது.

சில எக்ஸ்டென்ஷன்களுக்கு ரிமூவ் பட்டனே வராது. குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று எழுதியிருக்கும். அலுவலக லேப்டாப்பில் இது சாதாரணம். அங்கே கை வைக்காமல் உங்கள் ஐடி பிரிவிடம் சொல்லுங்கள். ஓய்வு பெற்றவர் வீட்டுக் கணினியை எந்த நிறுவனம் நிர்வகிக்கும்? சில ஆண்டிவைரஸ்கள் போட்டாலும் இந்த வரி வரும் என்பது உண்மை. அதனால் முகவரிப் பட்டையில், ஆங்கில எழுத்தில், ‘குரோம்://பாலிசி’ என்று அடித்து எந்த விதி இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாகப் போடச் சொல்லும் விதியோ, தெரியாத தேடல் முகவரியோ இருந்தால் அது ஆட்வேர் வேலை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்ற கிளைக்குப் போய், முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தக் குரோம் கிளையை மட்டும் அழியுங்கள். கரண்ட் யூசர் கிளையிலும் அப்படியே. ரெஜிஸ்ட்ரி என்றாலே கை நடுங்குகிறவர்கள் இதை விட்டுவிட்டு 6-க்குப் போகலாம். அங்கே சொல்லும் ஆட்வ்கிளீனர் பல சமயம் இதையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

அப்புறம், டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி தொங்கினால் ஷார்ட்கட்டையே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். கடைசியாக செட்டிங்ஸில் ‘ரீசெட்’. இது எக்ஸ்டென்ஷன்களை முடக்கி, குக்கீகளை அழித்து, தேடல் பக்கத்தை மீட்கும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது.

6. ஸ்கேன்: இருக்கிற டிஃபெண்டர், கூடவே ஒன்று

இப்போது நெட்டை இணைக்கலாம். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸோடு இலவசமாக வரும் ஆண்டிவைரஸ்தான் டிஃபெண்டர். அது இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷனில், ஸ்கேனுக்கு முன்பே மேனேஜ் செட்டிங்ஸுக்குள் போய் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பாருங்கள். எந்த இடங்களை ஸ்கேன் செய்யக் கூடாது என்ற பட்டியல் அது. உளவு மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டரை இங்கே எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். மாமாவின் கணினியில் முழு சி டிரைவும் அந்தப் பட்டியலில் இருந்தது! திருட்டு விண்டோஸை உயிரோடு வைக்க, கடையில் போட்ட ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாததை இருப்பதுபோல் காட்டும் மென்பொருள்) செய்த காரியம். வாசலில் காவலாளியை நிறுத்தி, கண்ணையும் கட்டிவிட்ட கதை. நீங்கள் போடாத எல்லாவற்றையும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலில், ரெப்யூட்டேஷன் பேஸ்ட் புரொடெக்ஷனுக்குள், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. ஆட்வேருக்கு மிக முக்கியமானது. ஆப்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள்.

பிறகு அப்டேட், அதன்பின் ஃபுல் ஸ்கேன். முடிந்ததும் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்பவை இதில் மாட்டும். கால் மணி நேரம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அதன் பின் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர். இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, சில நிமிடங்களில் முடியும். எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். கூடுதல் உறுதிக்கு அதே நிறுவனத்தின் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பையும் ஓட்டலாம். பிரீமியம் பதிப்பை 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லும். கார்டு எண் கொடுக்காதீர்கள், காலம் முடிந்ததும் தானே இலவசமாகிவிடும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவிலும் இலவசக் கருவிகள் கிடைக்கும். நம் சென்னை கே7, குயிக் ஹீல், இஸ்கேன் நிறுவனங்களின் கருவிகள் அங்கே இருக்கின்றன.

பொறி எங்கே என்றால், இவற்றைத் தேடுகிற இடத்தில். ‘ஆட்வேர் ரிமூவர்’ என்று தேடினால் மேலே வருவதில் பாதி விளம்பரம், அதில் சில ஆட்வேரேதான். நிறுவனத்தின் தளத்துக்கு நேராகப் போங்கள். ‘1,284 பிழைகள் கண்டுபிடித்தோம், சரிசெய்ய 1,999 ரூபாய்’ என்று சொல்லும் எதையும் மூடிவிடுங்கள். எப்போதும் காவல் இருக்கும் ஆண்டிவைரஸ் இரண்டை ஒன்றாக வைக்காதீர்கள். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணினி நத்தையாகிவிடும்.

7. ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி வருகிறதா?

முதலில் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி. தெரியாததை டிஸேபிள் செய்யுங்கள். அடுத்து டாஸ்க் ஷெட்யூலர், குறித்த நேரத்தில் தானே ஓடும் பணிகளின் பட்டியல். எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். லாக்இன் ஆனதும், அல்லது மணிக்கு ஒரு முறை, பவர்ஷெல்லையோ ஒரு ஸ்கிரிப்டையோ இணைய முகவரியோடு பிரவுசரையோ ஓடவிடும் பணி ஒன்று, அர்த்தமில்லாத எழுத்துகள் கொண்ட பெயரில் கிடக்கும். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் இருப்பதைத் தொடாமல், வெளியே இருப்பதில் சந்தேகமானதை டிஸேபிள் செய்து ஒரு நாள் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அழியுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவி உண்டு. திறந்ததும் நூற்றுக்கணக்கில் வரும், மிரளாதீர்கள். ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்தால் பத்திருபது மிஞ்சும். இளஞ்சிவப்பாகத் தெரிபவற்றைக் கவனியுங்கள். அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். தவறு என்றால் திரும்பப் போடலாம்.

அன்இன்ஸ்டால் ஆக மறுத்தவற்றுக்கு சேஃப் மோடு. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்; டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. (நீலத் திரை சாவி கேட்டால் 2-ஆம் படியில் எழுதி வைத்தீர்களே, அது.)

செட்டிங்ஸ், நெட்வொர்க்கில் பிராக்ஸி (நம் இணையப் போக்குவரத்தை வேறு வழியே திருப்பும் வசதி) அணைந்திருக்க வேண்டும். அணைத்த பிறகும் தானே எழுந்தால் ஷெட்யூலரில் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். டிவி, போன் எல்லாவற்றிலும் இதே விளம்பரம் வருகிறது என்றால் குற்றவாளி கணினி அல்ல, வைஃபை ரூட்டர். அதன் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் அமைப்பு) மாற்றப்பட்டிருக்கலாம். ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்யும் முன் நெட் கொடுப்பவரிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நெட்டும் இருக்காது.

8. விண்டோஸை எப்போது புதிதாகப் போட வேண்டும்

7 வரை செய்த பிறகும் இரண்டு நாளில் திரும்பினால், டிஃபெண்டரே திறக்க மறுத்தால், பாஸ்வேர்டு திருடும் வகை என்று ஸ்கேனில் பெயர் வந்தால், அல்லது உள்ளே ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸ் இருந்தால், துடைத்துவிடுங்கள். மாமாவுடையது கடைசி வகை.

ஆக்டிவேட்டர் உண்டா என்று பார்க்க, ரன் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் ஐந்து எழுத்தையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, எக்ஸ், பி, ஆர் என்று அடியுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருப்பதாக வந்தால் பெரும்பாலும் சரி. வீட்டுக் கணினியில் ஒரு காலாவதித் தேதி காட்டினால் கடைக்காரர் கைவரிசை.

விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டியதே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸ் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது அந்த லைசென்ஸ் சாவியைக் கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று சொல்லுங்கள். பில்லில் ஹோம் என்றால் ஹோமையே தேருங்கள். தவறிப் புரோவைப் போட்டால் ஆக்டிவேட் ஆகாது. பழைய பார்டிஷன்களை அழிக்கும்போது, பேக்கப் டிஸ்க் கழற்றப்பட்டிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நெட் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். அப்டேட் உட்பட இரண்டு மணி நேரம்.

பென் டிரைவ் வேண்டாம் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் (விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெகவரியில்) ‘ரீசெட்’, அதில் எல்லாவற்றையும் நீக்கு, கிளவுட் டவுன்லோடு. சுமார் 4 ஜிபி டேட்டா போகும். திருட்டு விண்டோஸுக்கு இது வேண்டாம், பென் டிரைவ் வழியே நல்லது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கணினி தாங்குமென்றால் இந்தச் சாக்கில் 11 போட்டுவிடுங்கள், மேம்படுத்தக் காசில்லை.

கடையில்தான் கொடுப்பேன் என்றால்: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். படிக்கட்டிலேயே கையைப் பிடித்து இழுப்பவர் பின்னால் போக வேண்டாம். ஒரிஜினல் விண்டோஸ், இருக்கிற லைசென்ஸ், ஆக்டிவேட்டர் கூடாது என்று முதலிலேயே சொல்லிப் பில்லில் எழுதி வாங்குங்கள். உங்கள் டேட்டாவை அவர்களிடம் பேக்கப் எடுக்கக் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். வேலை முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். கீழே சாயா கிடைக்கும்.

9. இப்போது பாஸ்வேர்டுகள்

மெயில் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் ரீசெட் இணைப்பும் அங்கேதான் வரும். பிறகு வங்கி, வருமான வரித் தளம், பங்குச் சந்தைக் கணக்கு. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. பிரவுசரின் லாக்இன் குக்கீகளையே திருடும் வகைகள் உண்டு. அவற்றை வைத்திருப்பவனுக்குப் பாஸ்வேர்டோ ஓடிபியோ தேவையில்லை. அதனால் ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ கொடுங்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் உங்கள் கருவிகளின் பட்டியல் இருக்கும், தெரியாததை வெளியேற்றுங்கள். மெயிலில் யாராவது ஃபார்வர்டு விதி போட்டிருக்கிறார்களா, மீட்பு போன் நம்பர் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் எல்லாமே போய்விட்டதாக எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒரு வாரம் ஆனாலும் சரி.

10. மறுபடி நுழையாமல் இருக்க

மாமாவுக்கு அட்மின் அல்லாத ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கிக் கொடுத்தேன். அட்மின் பாஸ்வேர்டு என்னிடம். எதையாவது இன்ஸ்டால் செய்ய வேண்டுமென்றால் எனக்குப் போன் வரும். முதல் வாரம் கோபித்துக்கொண்டார்: “என் கம்ப்யூட்டர்ல நான் ஒண்ணு பண்ண உங்கிட்ட பர்மிஷன் கேட்கணுமா?” சரிதான், சங்கடமான ஏற்பாடு. இருந்தும் அதற்குப் பிறகு ஒரு பெட்டிகூட வரவில்லை. பிரவுசரில் நம்பகமான விளம்பரத் தடுப்பான் ஒன்றையும் போட்டேன். பச்சைப் பட்டன்கள் இப்போது கண்ணிலேயே படுவதில்லை. தமிழில் தட்டச்சு செய்ய வெளியிலிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை, விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது.

அந்தப் பாமினி ஃபைல்? இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே ஓடும் எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. ஒரு பெட்டியில் ஒட்டி, பாமினியைத் தேர்ந்து, பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பெட்டியில் யூனிகோடு வந்துவிடுகிறது. இரண்டு நிமிடம் ஆனது.